கொஞ்சம் இது

அந்த நாற்காலி ஆடுமுங்க, இக்கட்ட வந்து ஒக்காருங்க. உங்க டோக்கன் எத்தனை? முப்பத்தொண்ணா. இப்பத்தான் இருவத்தி நாலு உள்ள போயிருக்குது, சாவகாசமா இருக்கலாம். யாருக்குப் பாக்க வந்திருக்கீங்க? உங்களுக்கேவா? ஓ, வேலைக்குச் சேர மெடிக்கல் கேக்கறாங்களா. அப்ப ஒண்ணும் பயமில்லைங்க தம்பி.

எனக்கில்லீங்க, எனக்கு என்ன. என்னைப் பாத்தா எத்தனை வயசு சொல்லுவீங்க? சும்மா சொல்லுங்க. அறுவதா? எல்லாரும் அப்படித்தான் சொல்லறாங்க. வர்ற பங்குனி வந்தா அறுவத்தெட்டு முடியுதுங்க. கவுந்தப்பாடியில மூத்தோர் மன்றத்துக்கு நாந்தான் தலைவரு, நாச்சிமுத்துன்னா தெரியாதவங்க கெடையாது. காத்தால அஞ்சரைக்கு நடக்கப் போயிருவேன். ஆறரைக்கு வாட்ஸாப்புல ஒரு மெசேஜ் போடுவேன், நானே எழுதறதுங்க, காப்பி அடிக்கறதில்ல. வயசுங்கறது ஒடம்புல இல்ல, மனசுலதான், அந்த மாதிரி. முந்நூத்திப் பத்துப் பேரு படிக்கறாங்க.

ரிட்டையர் ஆகற வரைக்கும் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டருங்க. முப்பத்தோரு வருசம். டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்ல ஒக்காந்திருந்தாலும் படியில கால் வெச்சதுமே எனக்குத் தெரிஞ்சுரும். பொய் சொல்லறவன் மூஞ்சி எனக்கு அத்துபடி. இப்ப அதச் சொல்லறதுக்கே கொஞ்சம் கூச்சமா இருக்குது, இருந்தாலும் சொல்லறேன்.

உள்ள இருக்கறது என்ற பொண்டாட்டி. துளசிமணின்னு பேரு. மெசின்ல நடக்க வெச்சு நெஞ்சப் பாப்பாங்களாமே, அந்த டெஸ்ட்டு. அதுக்குச் சேலை ஆகாதுன்னுட்டாங்க. மகளோட சுடிதாரப் போட்டுக்கிட்டு வந்திருக்கறா, அறுவத்திரண்டு வயசுல மொதத் தடவையா. பஸ்ஸுல துப்பட்டாவ இழுத்து இழுத்து மூடிக்கிட்டே வந்தாள்.

அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. அதுதான் வெசனமே. ஒண்ணுமில்லைன்னு எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

சிரிக்காதீங்க, சொல்லறேன். உங்ககிட்டச் சொன்னாப் பரவாயில்ல. நீங்க எந்த ஊரோ, நான் எந்த ஊரோ.

போன சித்திரையில எங்கூருக்கு வள்ளி கும்மி சொல்லித் தர்றதுக்கு ஒரு வாத்தியாரு வந்தாருங்க. சென்னியப்பன்னு பேரு, நாப்பது வயசு இருக்கும், குரல் மைக் இல்லாமயே நாலு தெருவுக்குக் கேக்கும். மாரியம்மன் கோயல் மைதானத்துல தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு. மூணரை மாசம் பழகுனா ஆவணியில அரங்கேற்றம். சின்னப் புள்ளைங்க, பொம்பளைங்க, ஆம்பளைங்க யாரு வேண்ணாலும் சேரலாம். மன்றத்துத் தலைவரே போகாம இருந்தா எப்படி? நான் மொத ஆளாப் போயிப் பேரு குடுத்தேன். துளசி பேரையும் சேத்துத்தான்.

அவ வரவே மாட்டேன்னாள். "எனக்கு எதுக்குங்க இதெல்லாம், நாலு பேரு சிரிப்பாங்க"ன்னாள். நான் விடல. வயசாயிருச்சுன்னு மூலையில ஒக்காந்தா மூலையிலயே ஒக்கார வேண்டியதுதான், துள்ளலோட இருக்கோணும்னு ஒரு மணி நேரம் பேசுனேன். கையப் புடிச்சு இழுக்காத கொறையாக் கூட்டிட்டுப் போனேன். இத நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க தம்பி, கூட்டிட்டுப் போனது நாந்தான்.

பத்தே நாளுங்க. பத்து நாள்ல அவளுக்கு அடவு படிஞ்சிருச்சு. குனிஞ்சு கைதட்டி, ஒரு சுத்துச் சுத்தி, பின்னால ரெண்டெட்டு வெச்சு, திரும்பவும் குனிஞ்சு நிமிரோணும். பாக்கறதுக்கு லேசாத் தெரியும். எல்லாரும் இக்கட்டத் திரும்புனா நான் அக்கட்டத் திரும்புவேன். ஒரு நாளு அஞ்சாவது படிக்கற புள்ளை மேல போயி மோதி, அது அழுக ஆரம்பிச்சிருச்சு. சென்னியப்பன் மரியாதையான ஆளுங்க. "ஐயா, நீங்க கடைசி வரிசையில ஸ்பீக்கருக்குப் பக்கத்துல நின்னுக்கங்க, தாளம் நல்லாக் கேக்கும்"னாரு. தலைவருன்னு எடம் ஒதுக்கித் தர்றாருன்னுதான் நான் நெனச்சேன். நாலு நாள் கழிச்சுத்தான் பாக்கறேன், அங்க என்கூட நிக்கறதெல்லாம் மூணு வயசுப் புள்ளைங்க.

அப்பறம் மன்றத்துல சோலி நெறைய வந்துருச்சுங்க. பயிற்சிக்குப் போக முடியல. சோலி இருந்துச்சுங்க, நெசமாலுமே. துளசியைக் கொண்டு போயி விட்டுட்டு ஓரமாச் சேர் போட்டு ஒக்காந்திருப்பேன்.

அவ மொத வரிசைக்குப் போயிட்டாள். அவளுக்குப் பக்கத்துல நிக்கறவளுக்கு இருவத்திரண்டு வயசு. அந்தப் புள்ளைக்கு மூச்சு வாங்குது, இவ சிரிச்சுக்கிட்டு நிக்கறாள். ஊட்டுல குக்கர் விசில் அடிக்கறதுக்குள்ள சமையக்கட்டுல ரெண்டு சுத்துச் சுத்தீருவாள். அம்பது மிஸ்டு கால் வரும் போன்ல, எல்லாம் கும்மிப் பொம்பளைங்க. நாப்பத்தி ரெண்டு வருசமா என்கூட இருக்கறவ இத்தனை சத்தமாச் சிரிப்பாள்னு எனக்குத் தெரியாதுங்க. ஒரு நாளு மளிகைக் கடையில ஒரு பையன், "நீங்க துளசியக்கா ஊட்டுக்காரருங்களா?"ன்னு கேட்டான். எங்கூர்ல, என்னைப் பாத்து. ஆமான்னு சொல்லிட்டுப் பருப்பு வாங்க மறந்துட்டு வந்துட்டேன்.

பொறாமைங்கறீங்களா? அப்படியெல்லாம் இல்லீங்க. பொண்டாட்டி மேல எவனாச்சும் பொறாமைப் படுவானா. மனசு கொஞ்சம் பொக்குன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

வைகாசியில ரெண்டு பேரும் ஒடம்பு முழுசும் செக் பண்ணிக்கிட்டோம். ரிப்போர்ட்ட வாங்கப் போனது நான். துளசிக்கு ஒரு எடத்துலகூடச் செவப்புக் கோடு இல்லீங்க. எல்லாம் நார்மல், நார்மல், நார்மல். என்ற ரிப்போர்ட்ல சக்கரை, கொழுப்பு எல்லாத்துக்கும் கீழ கோடு. ஈசிஜியில என்னமோ இருக்குது, இதய டாக்டரப் பாக்கவும்னு ஒரு வரி எழுதியிருந்துச்சு. அது கெடக்குதுங்க, மெசின் தப்பா அடிச்சிருக்கும், நான் தெனம் ஆறு கிலோமீட்டர் நடக்கறவன். அத அவகிட்டக் காட்டுனா என்ன நெனப்பாள்? அவளோடதை மட்டும் காட்டலாம்னா என்ற ரிப்போர்ட் எங்கேன்னு கேப்பாள். ரெண்டையும் பீரோ லாக்கர்ல வெச்சுப் பூட்டீட்டேன். "ரிப்போர்ட் வந்துச்சுங்களா?"ன்னு கேட்டாள். "அத விடு, அப்பறம் பேசிக்கலாம்"னேன். இன்னும் ரெண்டு தடவை கேட்டுப் பாத்தாள், அதே பதிலு. அப்பறம் கேக்கறத உட்டுட்டாள்.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கையில சென்னியப்பன் மன்றத்துக்கு வந்தாரு, என்னைய வாழ்த்துரைக்குக் கூப்படறதுக்கு. தலைப்பு அவரே சொன்னாரு, முதுமையிலும் இளமைன்னு. சந்தோசமாச் சரின்னேன். எந்திரிச்சுப் போறப்பத்தான் சொல்லறாரு. "ஐயா, அம்மாவைத்தான் நடுவுல நிறுத்தறேன். அவங்க கால் பாத்துத்தான் முந்நூறு பேரும் ஆடப் போறாங்க. ஒரு பாட்டும் அவங்களே எடுத்துக் குடுக்கறாங்க"ன்னாரு.

அப்பத்தாங்க என்ற வாயில அது வந்துச்சு. "அது சரிங்க வாத்தியாரே, ஆனா துளசிக்கு நெஞ்சு கொஞ்சம் இது. பாத்துக்கங்க"ன்னேன்.

இவ்வளவுதான் சொன்னேன் தம்பி. ஹார்ட்டுன்னு சொல்லல. சீக்குன்னு சொல்லல. ஒரு வியாதி பேரும் என்ற வாயில வரல. கொஞ்சம் இதுன்னேன். எத்தனையோ இருக்குது, இதுன்னா என்ன வேண்ணாலும் இருக்கலாம். சளி கட்டியிருந்தாலும் இதுதான். வாத்தியாருதான் மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போயி, "ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சுங்களே, மூணு மாசமா என்ன ஆட்டம் ஆட வெச்சுட்டேன்"ன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். தலைய ஆட்டுனேன். "அவகிட்ட நான் சொன்னதாச் சொல்லீராதீங்க, பயந்துக்குவாள்"னேன். அத மட்டும் நல்லாத் தெளிவாச் சொன்னேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. பொய்யின்னு எடுத்த எடுப்புல சொல்லீராதீங்க.

அரங்கேற்றத்தன்னைக்கு மைதானம் கொள்ளாத கூட்டம். எல்லாருக்கும் ஒரே மாதிரி மாம்பழக் கலர்ச் சேலை, பச்சைக் கரை. துளசி நாலு மணிக்கே கட்டிக்கிட்டு, தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னால நின்னு, "எப்படிங்க இருக்குது?"ன்னு கேட்டாள். நல்லா இருக்குதுன்னேன். நல்லாத்தான் இருந்தாள்.

வரிசை நிக்கறப்ப மைக்ல வாத்தியாரு கூப்பட்டாரு. "நம்ம குழுவுக்கே தாயாட்டம் இருக்கற துளசியம்மாவை மேடைக்கு அழைக்கிறோம்." அவ பாட்டு எடுத்துக் குடுக்கத்தான் கூப்படறாங்கன்னு சிரிச்சுக்கிட்டே ஏறி வந்தாள். பொன்னாடை போத்துனாங்க. நாற்காலி போட்டாங்க. "அம்மா இனிமே நமக்கு ஆலோசகர். ஒக்காந்து நம்மளை ஆசீர்வாதம் பண்ணட்டும்"னாரு வாத்தியாரு. எல்லாரும் கைதட்டுனாங்க. அவளுக்கு ஒண்ணும் புரியலீங்க. ஒக்காரவா நிக்கவான்னு ஒரு நிமிசம் முழிச்சாள். என்னைப் பாத்தாள். நான் ஒக்காருன்னு கையக் காட்டுனேன்.

ஆட்டம் ஆரம்பிச்சுது. அவ காலு ரெண்டும் தரையில தாளம் போட்டுச்சு. கூட்டம் பாக்குதுன்னு தெரிஞ்சதும் காலை நாற்காலிக்கு அடியில இழுத்து வெச்சுச் சேலையால மூடிக்கிட்டாள். மேடையில எனக்கு மூணு நாற்காலி தள்ளித்தான் ஒக்காந்திருந்தாள்.

அதுக்கப்பறம் நான் பேசுனேன். இருவது நிமிசம். வயசாயிருச்சுன்னு யாரும் ஒதுங்கி ஒக்காரக் கூடாது, ஒதுக்கி ஒக்கார வெக்கவும் கூடாதுன்னு பேசுனேன். நல்லா வந்துச்சு பேச்சு. அந்தக் கைதட்டலு இப்பவும் ராத்திரி படுத்தாக் காதுல கேக்குதுங்க. தூக்கம் வர்றதில்ல.

மக்யா நாளு விடிஞ்சதுல இருந்து துளசி வேற ஆளாயிட்டாள். வாத்தியாரு மேல ஒரு வார்த்தை கொறை சொல்லல. மைதானத்துப் பக்கம் போகல. அந்தச் சேலையப் பக்கத்து ஊட்டுப் புள்ளைக்குக் குடுத்துட்டாள். முக்காலியில ஒக்காந்து சமைக்க ஆரம்பிச்சாள். படியேறுனா ரெண்டு படிக்கு ஒருக்கா நின்னு நெஞ்சுல கைய வெச்சுக்குவாள். சமையக்கட்டு டப்பாவுல எல்லாம் காகிதம் ஒட்டிச் சீரகம், சோம்பு, வெந்தயம்னு எழுதி வெச்சாள். எதுக்குன்னேன். "உங்களுக்கு எது எதுன்னு தெரியாதுல்லங்க"ன்னாள். எனக்கு ரசம் வெக்கச் சொல்லித் தந்தாள். புளி எத்தனை, எப்ப எறக்கோணும்னு நாலு நாளு பக்கத்துல நின்னு சொல்லித் தந்தாள்.

நான் என்ன நெனச்சேன் தெரியுமுங்களா? கோவிச்சுக்கிட்டு இருக்கறாள்னு நெனச்சேன். சோம்பேறியாயிட்டாள்னு நெனச்சேன். என்ற மெசேஜெல்லாம் அவளுக்கும் அனுப்பிச்சு வெச்சேன். மனசு தளரக் கூடாது துளசின்னு பாடம் எடுத்தேன். முப்பத்தோரு வருசம் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சவன், ஊட்டுக்குள்ள ஒருத்தி சாகறதுக்குத் தயாராயிட்டு இருக்கறதக் கண்டுபுடிக்கலீங்க.

போன வாரத்துக்கு முந்தின வாரம் மக போன் பண்ணுனாள். பிரமிளான்னு, ஓசூர்ல இருக்கறாள். எடுத்ததுமே அழுகை. "அப்பா, இன்னும் எத்தனை நாளைக்கு நடிக்கப் போறீங்க? அம்மாவுக்கு எல்லாந் தெரியும்பா"ன்னாள். மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன்.

அது இல்லீங்க. அரங்கேற்றம் முடிஞ்ச அன்னைக்கே துளசி வாத்தியாருகிட்டப் போயிக் கேட்டிருக்கறாள். "எனக்கு வயசாயிருச்சுன்னு ஒக்கார வெச்சீங்களா?"ன்னு. அந்த மனுசனுக்குத் தாங்கல, சொல்லீட்டாரு. இவ ஊட்டுக்கு வந்து யோசிச்சிருக்கறாள். நான் ரிப்போர்ட்டக் காட்டாதது. பீரோச் சாவிய இடுப்புலயே வெச்சுச் சுத்தறது. எல்லாத்தையும் சேத்து வெச்சுப் பாத்திருக்கறாள். தனக்கு நெஞ்சுல பெருசா என்னமோ இருக்குது, அது எனக்கு மட்டுந்தான் தெரியும், அவ பயந்துக்கக் கூடாதுன்னு நான் ஒத்தையா மனசுக்குள்ள வெச்சுட்டு அல்லாடறேன்னு முடிவு பண்ணீட்டாள். மககிட்ட மட்டும் சொல்லியிருக்கறாள். அதுவும் சத்தியம் வாங்கிக்கிட்டு. "எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரிய வேண்டாம் கண்ணு, மனசு ஒடஞ்சு போயிருவாரு"ன்னு.

அந்த நேரத்துல நான் மககிட்ட என்ன சொல்லியிருக்கோணும்? ஒரே வரிதானுங்க. நான் சொன்னது, "ம், பெரிய டாக்டராப் பாத்தரலாம் சாமி, அழுகாதே."

வெக்கமா இருக்குதுங்க. இத்தனைக்கப்பறமும் அப்பன் பெரிய மனுசனாட்டம் மகளைத் தேத்துனேன்.

இன்னைக்குப் பஸ்ஸுல ரெண்டு பேரு சீட்டு. சித்தோடு தாண்டறப்ப என்ற கைய எடுத்து அவ மடியில வெச்சுக்கிட்டாள். நாலு பேரு இருக்கற எடத்துல அப்படியெல்லாம் பண்ண மாட்டாளுங்க. "இத்தனை நாளு ஒத்தையா எப்படிங்க தாங்குனீங்க?"ன்னாள். "எனக்கு எப்படி ஆனாலும் சரிங்க, நீங்க நேரத்துக்குச் சாப்படோணும்"னாள். வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. முருகன் சத்தியமா வந்துச்சு. ஆனா அவ என்னைப் பாத்த பார்வை இருக்குது பாருங்க, கல்யாணமாயி இத்தனை வருசத்துல அப்படி ஒருக்காக்கூட என்னைப் பாத்ததில்ல. அத விடறதுக்கு மனசு வரல. "தைரியமா இரு"ன்னு சொன்னேன்.

ஒரு யோசனை பண்ணி வெச்சிருந்தேனுங்க, உங்ககிட்டச் சொல்லறதுக்கென்ன. இந்த டெஸ்ட்டுல நார்மல்னுதான் வரும். வந்ததும் சென்னிமலை முருகன் பாத்துக்கிட்டாருன்னு சொல்லீரலாம். அவளே நம்பீருவாள், ஏற்கெனவே வேண்டியிருக்கறாள். அவளுக்கு நெஞ்சு சரியாப் போச்சு, எனக்கு நல்ல பேரு, முருகனுக்கு ஒரு மொட்டை. யாருக்கும் ஒரு நட்டமும் இல்ல. பாத்தீங்களா, நீங்களே மூஞ்சியத் திருப்பிக்கறீங்க.

இருங்க, நர்ஸம்மா வர்றாங்க. ஆமாங்க, துளசிமணிக்கு நாந்தானுங்க. முடிஞ்சிருச்சுங்களா? என்ன பண்ணறாளா? மெசின நிறுத்துனதுக்கு அப்பறமும் எறங்க மாட்டேங்கறாளா? இன்னும் கொஞ்சம் நடக்கட்டுமான்னு கேட்டாளா? சரிங்க. சரிங்க, டாக்டரு வெளிய அனுப்பறாருங்களா. சரிங்க.

தண்ணி இருக்குதுங்களா தம்பி, ஒரு மொடக்குக் குடுங்க.

வந்துட்டாள். துளசி, பாத்து வா. என்ன சொன்னாங்க?

"ஒண்ணுமே இல்லையாமாங்க. டாக்டரு சிரிக்கறாரு. நாப்பது வயசுக்காரிக்கே இப்படி இருக்காதாமா. யாரும்மா உனக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொன்னதுங்கறாரு. எனக்கு அழுகையே வந்திருச்சுங்க. தம்பி யாருங்க, தெரிஞ்சவங்களா? வாங்க தம்பி. இந்த மனுசன் எனக்குத் தெரியக் கூடாதுன்னு அரை வருசமா எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருந்தாருங்க. இப்படி ஒரு ஆளு எத்தனை பேருக்குக் கெடைக்கும், சொல்லுங்க."

தம்பி, எந்திரிக்காதீங்க. அது உங்க நம்பர் இல்ல, இருவத்தொம்பதைத்தான் கூப்படறாங்க. ஒக்காருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னா நான் இவளைக் கூட்டிக்கிட்டுப் பஸ் ஏறீருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

துளசி, கண்ணைத் தொடைச்சுக்க. பையக் கீழ வெச்சுட்டு இப்படி ஒக்காரு. சென்னியப்பங்கிட்ட நான் சொன்னது பொய். உன்ற நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னு எனக்கு வைகாசியிலயே தெரியும்.